ஆசிய விளையாட்டுப் போட்டி பிறந்த கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குப் பொது அறிவு சொல்லிக்கொடுக்கிறேன். ஆசிய விளையாட்டுப் போட்டி என்ற பாடம் வந்தாலே ஒரே சந்தேகங்கள்தான் வரிசை கட்டி வரும். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி எழுதியவை என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

முதல் ஏசியன் கேம்ஸ் எங்க, எப்ப நடந்துச்சு?

டெல்லியில், 1951 மார்ச் 4 முதல் 11 வரை. 11 நாடுகள், 489 வீரர் வீராங்கனைகள். தடகளம், நீச்சல், கூடைப்பந்து, சைக்கிள் பந்தயம், கால்பந்து, பளுதூக்குதல் என ஆறு விளையாட்டுகள். டைவிங்கும் வாட்டர் போலோவும் நீச்சல் கணக்கில் சேர்த்தி. எல்லாம் சேர்த்து 57 பந்தயங்கள். குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் தொடங்கி வைத்தார்.

ஒரு மதிப்பெண் கேள்விக்கு இவ்வளவு போதும். ஏன், எப்படி என்று கேட்பவர்களுக்குத்தான் மீதிப் பக்கம்.

அதுக்கு முன்னாடி ஆசியாவுல இப்படி எதுவுமே நடந்ததில்லையா?

நடந்தது. அதுவும் 38 ஆண்டுகளுக்கு முன்பே. 1913-இல் மணிலாவில் தூரக் கிழக்கு விளையாட்டுப் போட்டி தொடங்கியது. அப்போது பிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் ஆட்சியில் இருந்தது. அங்கே ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் உடற்பயிற்சிப் பொறுப்பாளராக இருந்த எல்வுட் பிரவுன் என்ற அமெரிக்கர்தான் இதற்கு மூலகாரணம். பிலிப்பைன்ஸ், சீனா, ஜப்பான் மூன்றும் முக்கியப் பங்காளிகள். மணிலா, ஷாங்காய், பிறகு டோக்கியோ அல்லது ஒசாகா என்று மாற்றி மாற்றி 1934 வரை பத்து முறை நடந்தது. 1920-இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் அங்கீகாரமும் கிடைத்தது. 1930 டோக்கியோ போட்டிக்கு இந்தியாவிலிருந்தும் ஒரு சிறிய அணி போனது.

இன்றைய கணக்கை வைத்து அந்தக் காலத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். 1917-இல் டோக்கியோவில் நடந்த கால்பந்து ஆட்டத்தில் பிலிப்பைன்ஸ் ஜப்பானை 15-2 என்று அடித்தது. பத்துப் போட்டிகளில் ஒன்பது முறை கால்பந்துப் பட்டம் சீனாவுக்கு. அதில் 1930 பட்டத்தை மட்டும் ஜப்பானோடு பகிர்ந்துகொண்டது.

இவ்வளவு நல்லா போய்ட்டிருந்தது ஏன் நின்னுபோச்சு?

அரசியல். 1931-இல் ஜப்பான் சீனாவின் மஞ்சூரியாவைப் பிடித்து, மறு ஆண்டே மஞ்சுகுவோ என்ற பொம்மை நாட்டை உண்டாக்கியது. அந்த 'நாட்டையும்' போட்டியில் சேர்க்க வேண்டும் என்று 1934-இல் நெருக்கியது. சீனா ஒப்புக்கொள்ளுமா? வெளியேறியது. சங்கம் அதோடு உடைந்தது. ஜப்பான் புதுச் சங்கம் ஒன்று அமைத்து 1938-இல் ஒசாகாவில் நடத்தப் பார்த்தது. 1937-இல் சீனாவோடு முழுப் போரே மூண்டுவிட்டதால் அதுவும் நடக்கவில்லை.

'எது நாடு, யாரைச் சேர்ப்பது' என்ற இந்தச் சண்டையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் மாறுவார்கள், சண்டை கீழேயும் வரும்.

டெல்லியில 1934-லயே ஒரு ஆசியப் போட்டி நடந்துச்சுன்னு படிச்சேன், உண்மையா?

உண்மை. மேற்காசிய விளையாட்டுப் போட்டி என்று பெயர். சூயஸுக்குக் கிழக்கே, சிங்கப்பூருக்கு மேற்கே உள்ள நாடுகளுக்கு என்று எல்லை போட்டார்கள். அதாவது தூரக் கிழக்குப் போட்டி தொடாத பாதி ஆசியா. கடைசியில் வந்தது நான்கு அணிகள்: இந்தியா, இலங்கை, ஆப்கானிஸ்தான், அப்போது பிரிட்டன் ஆட்சியில் இருந்த பாலஸ்தீனம். டெல்லியிலும் பாட்டியாலாவிலும் நடத்தினார்கள். அடுத்தது 1938-இல் பாலஸ்தீனத்தில் என்று முடிவானது, நடக்கவில்லை.

டெல்லியில் இது நடந்த இடம் இர்வின் ஆம்பிதியேட்டர். இந்தியா கேட் பக்கத்தில் அப்போதுதான் புதிதாகக் கட்டியிருந்தார்கள். பதினேழு ஆண்டு கழித்து 1951 போட்டியும் அதே அரங்கில்தான். அதற்குள் நேஷனல் ஸ்டேடியம் என்று பெயர் மாறியிருந்தது. இன்று மேஜர் தியான் சந்த் தேசிய அரங்கம்.

ஏசியன் கேம்ஸை ஆரம்பிச்சது நேருதானே?

இல்லை. ஆனால் பலரும் இப்படி நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1947 மார்ச்சில் டெல்லி புராணா கிலாவில் நேரு முன்னின்று கூட்டிய ஆசிய உறவுகள் மாநாடு நடந்தது. ஆசிய நாடுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு மேடை வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்தச் சூழலில்தான் போட்டி பற்றிய பேச்சும் எழுந்தது. 1951-இல் 'விளையாட்டை விளையாட்டின் உணர்வோடு ஆடுங்கள்' என்று நேரு கொடுத்த செய்தி இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. நேருவின் ஆதரவு பெரிய பலம் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் யோசனையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர் குரு தத் சோந்தி. லாகூர் அரசுக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், 1932 முதல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் இந்திய உறுப்பினர். மேலே சொன்ன 1934 போட்டியின் பின்னாலும் இவரே. 'என்றும் முன்னோக்கி' என்ற குறிக்கோள் வாசகமும் அவர் கொடுத்ததுதான். தேர்வில் 'தந்தை' யார் என்று கேட்டால் சோந்தி என்று எழுதுங்கள். நடைமுறையில் இரண்டு பழைய போட்டிகளின் மிச்சத்தை ஒட்டவைத்துப் புதிதாக ஒன்றை எழுப்பியவர் என்பதுதான் சரியான வர்ணனை.

1948 லண்டன், 1949 டெல்லின்னு ரெண்டு கூட்டம் சொல்றாங்க. எதுல ஆரம்பிச்சதுன்னு எழுதணும்?

பேச்சு லண்டனில், கையெழுத்து டெல்லியில். 1948 ஒலிம்பிக்குக்காக ஆசிய அணிகளின் நிர்வாகிகள் லண்டனில் இருந்தார்கள். எல்லோரும் ஒரே ஊரில் கிடைப்பது அபூர்வம் என்பதால் சோந்தி அங்கேயே கூட்டிப் பேசினார். முதலில் அவர் நினைத்தது 1949 பிப்ரவரியில் டெல்லியில் ஓர் ஆசியத் தடகளப் போட்டி. அதற்கு ஏற்பாடு செய்ய முடியவில்லை. போட்டிக்குப் பதிலாக அதே பிப்ரவரியில் ஒரு மாநாடு கூடியது.

1949 பிப்ரவரி 13 அன்று டெல்லி பாட்டியாலா ஹவுஸில் ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பு முறைப்படி பிறந்தது. நிறுவன உறுப்பினர்களாகச் சேர்ந்தவை ஐந்து நாடுகள்: ஆப்கானிஸ்தான், பர்மா, இந்தியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ். ஆக, கூட்டமைப்பின் தொடக்கம் 1949, போட்டியின் தொடக்கம் 1951. பாட்டியாலா ஹவுஸ் என்றால் இன்று நீதிமன்றச் செய்திகளில் அடிபடும் அதே கட்டடம்தான்.

பாட்டியாலா மகாராஜாவுக்கு இதுல என்ன வேலை?

கட்டடம் அவருடையது, பதவியும் அவருடையது. கூட்டமைப்பின் முதல் தலைவர் யாதவிந்திர சிங். 1938 முதல் இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவராகவும் இருந்தார். 1934-இல் பாட்டியாலாவில் போட்டிகள் நடந்தது இவருடைய அப்பா பூபிந்தர் சிங் காலத்தில். சமஸ்தானப் பணமும் செல்வாக்கும் இல்லாமல் அந்தக் காலத்தில் பெரிய விளையாட்டு எதுவும் நகராது.

சென்னைக்காரர்களுக்கு ஓர் உபரித் தகவல். யாதவிந்திர சிங் இந்தியாவுக்காக ஆடியது ஒரே ஒரு டெஸ்ட். அது 1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில், இங்கிலாந்துக்கு எதிராக. இரண்டாவது இன்னிங்ஸில் 60 ரன்.

நாலு வருஷத்துக்கு ஒரு தடவைன்னா 1951-க்கு அப்புறம் 1955 தானே வரணும்? ஏன் 1954?

நல்ல கேள்வி, வகுப்புக்கு ஒருவராவது கேட்டுவிடுவார். முதல் போட்டி 1950-இல் நடப்பதாகத்தான் திட்டம். இரண்டு ஒலிம்பிக்குகளுக்கு நடுவே விழ வேண்டும் என்பது கணக்கு: 1948-க்கும் 1952-க்கும் நடுவில் 1950. ஏற்பாடுகள் முடியாமல் 1951 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. அடுத்த போட்டியைப் பழைய கணக்குப்படியே 1954-இல் மணிலாவில் வைத்தார்கள். பிறகு 1958, 1962 என்று போனது.

தள்ளிப்போன கதையில் இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். ஏற்பாடுகள் தடுமாறிக்கொண்டிருந்த நேரத்தில் பொறுப்பை எடுத்து நடத்தி முடித்தவர் ஆண்டனி டி மெல்லோ, கிரிக்கெட் வாரியத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். யோசனை சோந்தியுடையது என்றால் மேசை போட்டு, பணம் புரட்டி, நாள் குறித்தது டி மெல்லோ. பாடப்புத்தகங்கள் இவரை ஏனோ மறந்துவிடுகின்றன. அண்மையில் ஹாங்சோ 2022 போட்டி கொரோனாவால் 2023-க்குத் தள்ளிப்போனபோதும் இதே மாதிரிதான். அடுத்தது 2026 என்ற கணக்கு மாறவில்லை.

ஒலிம்பிக் ஜோதி மாதிரி இதுலயும் ஜோதி இருந்துச்சா?

இருந்தது. செங்கோட்டையில் சூரிய ஒளியைக் குவித்து ஏற்றிய தீயை அரங்குக்குக் கொண்டுவந்தார்கள். அரங்கில் அதை ஏந்தி ஓடியவர் பிரிகேடியர் தலிப் சிங், 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் நீளம் தாண்டியவர்.

அந்த 1924 அணியின் மேலாளர் ஹாரி பக், சென்னையில் 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கியவர். இன்றைக்கும் நந்தனத்தில் இருக்கிறதே, அதே கல்லூரி. மணிலாவில் பிரவுன், சென்னையில் பக்: ஆசியாவில் அமைப்பு ரீதியான விளையாட்டு பரவியதில் ஒய்.எம்.சி.ஏ.வின் கை எவ்வளவு நீளம் என்பதற்கு இந்த இரண்டு பெயர்களே போதும்.

1951-ல யாருக்கு எத்தனை மெடல்? இந்தியா எத்தனாவது?

முதலிடம் ஜப்பான், 24 தங்கம். இரண்டாமிடம் இந்தியா, 15 தங்கம், மொத்தம் 51 பதக்கம். ஈரானுக்கு 8 தங்கம், பெரும்பாலும் பளுதூக்கலில். சிங்கப்பூரும் பிலிப்பைன்ஸும் ஆளுக்கு 5. சிங்கப்பூரின் ஐந்தில் நான்கு, நியோ சுவீ கோக் என்ற ஒரே நீச்சல் வீரருக்குச் சம்பந்தப்பட்டவை. இலங்கைக்கு ஒரு வெள்ளி. இந்தோனேசியாவும் பர்மாவும் வெண்கலத்தோடு நின்றன. ஆப்கானிஸ்தான், நேபாளம், தாய்லாந்துக்குப் பதக்கமே இல்லை.

இந்தியாவின் 15-இல் பத்து தடகளத்தில் வந்தவை. 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் லேவி பிண்டோ. மராத்தானில் சோட்டா சிங். டைவிங்கில் கே.பி. தாக்கருக்கு இரண்டு. வாட்டர் போலோ ஒன்று, கால்பந்து ஒன்று, மிச்சம் இருக்கிற ஒன்று அடுத்த கேள்வியில்.

இந்தியாவோட முதல் தங்கம் யாரு? ஒவ்வொரு புக்லயும் ஒவ்வொண்ணு போட்டிருக்கு.

சச்சின் நாக், 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சல். கொல்கத்தாவில் வளர்ந்த நீச்சல்காரர். 1947 கலவரத்தில் துப்பாக்கிக் குண்டு காலில் பாய்ந்தது. நடக்கவே நாளாகும் என்ற நிலையிலிருந்து மறு ஆண்டே லண்டன் ஒலிம்பிக்கில் இறங்கினார். 1951-இல் தங்கம். 2020-இல்தான் அவருக்கு, மறைவுக்குப் பின், தியான் சந்த் விருது கொடுத்தார்கள். ஆசிய விளையாட்டுப் போட்டியின் நீச்சலில் இந்தியாவுக்கு அதற்குப் பிறகு இன்னொரு தங்கம் கிடைக்கவே இல்லை.

சில புத்தகங்களில் கால்பந்து அணி என்று போட்டிருப்பது குழப்பம். கால்பந்துத் தங்கம் பெரிய செய்தியாக இருந்ததால் அது முதலில் நிற்கிறது. இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்றோம். கோல் அடித்தவர் மேவாலால், அணித் தலைவர் சைலேன் மன்னா, பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம்.

அப்ப பெண்கள் கலந்துக்கிட்டாங்களா?

கலந்துகொண்டார்கள், தடகளத்தில் மட்டும். மொத்தத்தில் 31 பேர்தான். இந்தியாவின் ரோஷன் மிஸ்திரி 100 மீட்டரில் வெள்ளி, மேரி டிசோசா 200 மீட்டரில் வெண்கலம். தொடர் ஓட்டத்திலும் இந்தியப் பெண்கள் வெள்ளி வாங்கினார்கள்.

ஜப்பான் போர்ல தோத்து அஞ்சாறு வருஷம்தான் ஆச்சு. அவங்களை எப்படிக் கூப்பிட்டாங்க?

இந்தக் கேள்வியில்தான் 1951 போட்டியின் உண்மையான கனம் இருக்கிறது. 1948 லண்டன் ஒலிம்பிக்குக்கு ஜப்பானை அழைக்கவில்லை. 1951 மார்ச்சில் ஜப்பான் இன்னும் நேச நாட்டுப் படைகளின் பிடியில்தான் இருந்தது. சான்பிரான்சிஸ்கோ சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது அந்த ஆண்டு செப்டம்பரில், நடைமுறைக்கு வந்தது 1952 ஏப்ரலில். அதற்கு முன்பே டெல்லி ஜப்பான் அணிக்குக் கதவைத் திறந்துவிட்டது. அதே மைதானத்தில் பிலிப்பைன்ஸ், பர்மா, சிங்கப்பூர், இந்தோனேசியா என்று சில ஆண்டுகளுக்கு முன்வரை ஜப்பானியப் படை ஆக்கிரமித்திருந்த நாடுகளின் வீரர்களும் நின்றார்கள் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

இந்தியாவின் நிலைப்பாடும் இதோடு பொருந்திப்போகிறது. சான்பிரான்சிஸ்கோ உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. 1952 ஜூனில் ஜப்பானோடு தனியாக உடன்படிக்கை செய்துகொண்டது. ஜப்பானுக்கு டெல்லி, வெளியுலகுக்குத் திரும்பி வந்த முதல் பெரிய களம். அடுத்தடுத்து 1958 ஆசியப் போட்டியையும் 1964 ஒலிம்பிக்கையும் டோக்கியோ நடத்தியது.

பாகிஸ்தான் கையெழுத்துப் போட்டுச்சே, அப்புறம் ஏன் 1951 லிஸ்ட்ல இல்ல?

கையெழுத்துப் போட்டது 1949-இல். 1951-இல் அணி அனுப்பவில்லை. அப்போது இரு நாட்டு உறவு இருந்த நிலைமை உங்களுக்கே தெரியும். 1954 மணிலாவில் பாகிஸ்தான் வந்தது, வந்ததும் 100 மீட்டர் தங்கத்தை அப்துல் காலிக் தட்டிச் சென்றார்.

தென் கொரியா வராததற்குக் காரணம் போர். 1950 ஜூனில் தொடங்கிய கொரியப் போர் உச்சத்தில் இருந்தது. அதுவும் 1954-இல்தான் வந்தது. மக்கள் சீனம் முதன்முதலில் ஆடியது 1974 டெஹ்ரானில்.

ஹாக்கியில நாமதானே அப்ப உலக சாம்பியன், 1951-ல ஹாக்கி ஏன் இல்ல? கபடி?

முதல் கேள்விக்கான பதிலில் உள்ள ஆறு விளையாட்டுகளைப் பாருங்கள்; ஹாக்கி இல்லை, கபடியும் இல்லை. ஹாக்கி 1958 டோக்கியோவில் சேர்ந்தது. சேர்ந்த உடனே நமக்கு அடி. இந்தியாவும் பாகிஸ்தானும் 0-0 என்று டிரா செய்ய, கோல் சராசரியில் தங்கம் பாகிஸ்தானுக்குப் போனது. நமக்கு முதல் ஹாக்கித் தங்கம் 1966 பாங்காக்கில். கபடி 1982 டெல்லியில் காட்சி விளையாட்டு, பதக்க விளையாட்டானது 1990 பெய்ஜிங்கில்.

ஆரம்ப கால ஏசியன் கேம்ஸ்ல தமிழர் யாராவது ஜெயிச்சிருக்காங்களா?

யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1958 டோக்கியோவில் உயரம் தாண்டுதலில் 2.03 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கை வென்ற முதல் தங்கமே அதுதான். 1962-இல் வெள்ளியும் உண்டு. அவர் படித்தது யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில். தமிழ்நாட்டுப் பொது அறிவுப் புத்தகங்களில் இந்தப் பெயர் தென்படாதது எனக்குப் பெரிய குறை.

இன்னொருவர், 1962 ஜகார்த்தாவில் தங்கம் வென்ற இந்தியக் கால்பந்து அணியின் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்த தமிழர்.

ஜகார்த்தாவுல இந்தியத் தூதரகத்தையே அடிச்சாங்கன்னு சொல்றாங்களே, விளையாட்டுக்குப் போய் எதுக்கு?

மஞ்சுகுவோ சண்டையை ஞாபகம் வைக்கச் சொன்னேன் அல்லவா? இது அதன் அடுத்த ரகம். 1962 போட்டியை நடத்திய இந்தோனேசியா, இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் விசா கொடுக்கவில்லை. இரண்டும் கூட்டமைப்பின் உறுப்பினர்கள். உறுப்பினர்களை ஒதுக்கிவிட்டு இதை ஆசிய விளையாட்டுப் போட்டி என்று அழைக்கக் கூடாது என்று கொடி பிடித்தவர் சோந்தியேதான். விதிப்படி அவர் சொன்னது சரி. ஆனால் விழா நடத்துகிற ஊரில் நின்று அதைச் சொன்னதும் கோபம் இந்தியா மேல் திரும்பி, ஒரு கூட்டம் இந்தியத் தூதரகத்துக்குள் புகுந்து அடித்து நொறுக்கியது. மறுநாள் கால்பந்து இறுதி ஆட்டம். அரங்கம் முழுக்க இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல். அந்தக் கூச்சலுக்கு நடுவே பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் கோல் போட, தென் கொரியாவை 2-1 என்று வென்றார்கள்.

விவகாரம் அதோடு முடியவில்லை. 1963-இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இந்தோனேசியாவை இடைநீக்கம் செய்தது. அதிபர் சுகர்ணோ சும்மா இருப்பாரா? அதே ஆண்டு நவம்பரில் ஜகார்த்தாவில் கானெஃபோ (புதிதாக எழும் நாடுகளின் விளையாட்டு) என்ற போட்டியையே தனியாக நடத்திக் காட்டினார். அது நிலைக்கவில்லை.

இஸ்ரேல் மேப்ல ஆசியாவுலதான் இருக்கு. இப்ப ஏன் ஏசியன் கேம்ஸ்ல இல்ல?

1954-இல் சேர்ந்தது. 1962-இல் என்ன நடந்தது என்று மேலே பார்த்தோம். கடைசியாக ஆடியது 1974 டெஹ்ரான். அங்கேயே சில அணிகள் இஸ்ரேலுக்கு எதிராக இறங்க மறுத்தன. அப்படியும் கால்பந்து இறுதிவரை வந்து ஈரானிடம் 0-1 என்று தோற்றது. 1978-இல் அழைப்பு இல்லை.

பிறகு அமைப்பையே மாற்றினார்கள். 1982 நவம்பரில் டெல்லிப் போட்டியின்போது பழைய கூட்டமைப்புக்குப் பதிலாக ஆசிய ஒலிம்பிக் மன்றம் உருவானது. முதல் தலைவர் குவைத்தின் ஷேக் ஃபஹத், தலைமையகமும் குவைத்தில். புதிய உறுப்பினர் பட்டியலில் இஸ்ரேலைச் சேர்க்கவில்லை. 1994-இல் இஸ்ரேல் ஐரோப்பிய ஒலிம்பிக் அமைப்பில் சேர்ந்துகொண்டது.

அப்ப அப்பு யானை சின்னமா வந்த 1982 டெல்லிப் போட்டிதான் புது மன்றத்தோட முதல் போட்டியா?

இதில்தான் பலர் மதிப்பெண் விடுகிறார்கள். மன்றம் பிறந்தது 1982 டெல்லியில், ஆனால் அந்தப் போட்டியை நடத்தியது பழைய கூட்டமைப்பின் பெயரில். மன்றத்தின் பொறுப்பில் நடந்த முதல் போட்டி 1986 சியோல். ஆக, டெல்லி முதல் போட்டிக்கும் ஊர், பழைய அமைப்பின் கடைசிப் போட்டிக்கும் ஊர்.